இருபத்தாறு மீட்டர்

பதினெட்டு வருசமாய்
அடுத்தவர் வீட்டுக்குப் போகிற பம்புகளின்
ஹெட்டையும் டிஸ்சார்ஜையும் குறித்து வைக்கிறவள் நான்.
பீளமேட்டில் கம்பெனி. டெஸ்ட் பெட்டில் ஆறாம் நம்பர் மேசை.
என் கையெழுத்து இல்லாமல் ஒரு மோட்டாரும்
கேட்டைத் தாண்டாது.

என் வீட்டுப் பேஸ்மென்ட்டில்
மூன்றாம் படி வரை தண்ணீர்.

ஐப்பசி. சிங்காநல்லூர்க் குளம் நிரம்பி
நிலத்துக்கு அடியில் நடந்து வந்திருந்தது,
அழைக்காத ஒறம்பரை மாதிரி.
கரண்டு போனது பதினொன்றே காலுக்கு.
குழிக்குள் சம்ப் மோட்டார்,
நல்ல மோட்டார்தான், நானே பாஸ் பண்ணினது,
வயரில் ஒன்றும் வராமல்
முங்கிக் கிடந்தது.
சென்னியப்பன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சீருடைத் துணிக்கட்டுகளை அட்டாலிக்கு ஏற்றினார்.
பதினோரு கட்டு தப்பித்தது.
மற்றதெல்லாம்
ஊதா வெள்ளையில் இறங்கி
எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஆகாத நிறம்.

"பேட்டரி வெச்ச பம்பு வாங்கிக்கலாம்" என்றார்.
மூணாம் வருசம் பேட்டரி சாகும்.
சாகிற நாளை அது சொல்லாது.
"ஜெனரேட்டர்?"
அந்த மழையில் போய் யார் கயிறை இழுக்கிறது?

கேட்லாக்கில் ஒன்று இருந்தது.
வயர் கிடையாது, மோட்டார் கிடையாது.
மிதவை எழும்பினால் வால்வு திறக்கும்;
நல்ல தண்ணீர் குறுகின தொண்டைக்குள் வெசையாய்ப் பாயும்;
பாய்கிற போக்கில்
குழித் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு
வெளியே போய்விடும்.
ஒரு குடம் கொடுத்தால் ரெண்டு குடம் வெளியேறும்.

"ஒம்பது நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணிய
சாக்கடைக்கு ஊத்தறதா?"
அது அவர் கேள்வி.
என்னுடையது வேறு.
அது இரண்டு கிலோ பிரஷர் கேட்கிறது,
இருபது மீட்டர் உசரம்.
எங்கள் மொட்டைமாடித் தொட்டி
குழியிலிருந்து ஒம்பதரை. டேப் பிடித்து அளந்தேன்.
தூக்கம் வராத ராத்திரியில்
மனசுக்குள் திரும்பவும் அளந்தேன்.
ஒம்பதரைதான்.

மேற்கே ஜன்னல்.
ஜன்னல் முழுக்க ஏழு மாடி.
அவர்கள் கூரைக் குழாய்
எங்கள் சுவரோரம்தான் கொட்டுகிறது.
மூன்று மனு எழுதியிருக்கிறேன்,
ஒன்றில் கொஞ்சம் கெட்ட வார்த்தை.
உச்சியில் கறுப்பாக ஒரு தொட்டி.
குழியிலிருந்து இருபத்தாறு மீட்டர்.
எனக்கு வேண்டிய ஹெட்
எதிராளியின் தலைமேல் இருந்தது.

சங்கச் செயலாளர் ரங்கநாயகி, ரிட்டையர்டு தாசில்தார்,
என் மனுக்களைத் தேதிவாரியாக ஃபைலில் வைத்திருந்தார்.
"இதுக்குப் பதில் சொல்லீட்டுப் பேசலாங்களா,
பேசீட்டுப் பதில் சொல்லட்டுங்களா?"
காப்பி வந்தது. சர்க்கரை அதிகம். குடித்தேன்.
ஒரு இஞ்ச் குழாய். ஒரு மீட்டர். லிட்டர் கணக்கில் காசு.
நான்-ரிட்டர்ன் வால்வு ரெண்டு, என் செலவில்.
"எதுக்கு ரெண்டு?"
"ஒண்ணு பழுதானாலும்
எங்க குழித்தண்ணி உங்க குடத்துக்கு ஏறக்கூடாதுங்க."
அதற்கப்புறம்தான் பேனாவைத் திறந்தார்.
கூரைக் குழாயைப் பற்றி
இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்தேன்.
பொடக்காளித் தொட்டியிலிருந்து
பக்கெட் பக்கெட்டாய் மொண்டு வந்து
என் குழியை நானே நிரப்பினேன்.
நோட்டு, ஸ்டாப்வாட்ச்.
மிதவை சித்தே யோசித்தது.
பிறகு ஒரு சத்தம்,
பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுகிற மாதிரி.

நல்லது ஒரு லிட்டர் போனால்
கெட்டது ஒண்ணே முக்கால்.
ரெண்டு இல்லை.
எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன்.
சென்னியப்பன் வெளிக்குழாய் வாயில் குனிந்து
ஓடுகிறதில் எது நல்ல தண்ணீர் என்று
தேடிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. ஏழாம் மாடி.
"தொட்டித் தண்ணி எறங்கற சத்தம் கேக்குது. உங்க வீடுங்களா?"
"ஆமாங்க."
"மழையே இல்லீங்களே?"
"பழகிக்கறோங்க" என்றேன்.